மாமன் மூக்கில் ஒரு லாடம்

ஜனவரி 19, ஞாயிறு

பம்புசெட் கம்பெனிக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த இந்த டைரியின் மேலும், கோவை மாநகரம் குடித்துச் சிலிர்க்கும் சிறுவாணித் தண்ணீரின் மேலும் ஆணையாகச் சொல்கிறேன்: இனி இதில் எழுதப்போவதை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. நானே எழுதி, நானே படித்து, நானே நம்பாமல் விடப்போகும் சரித்திரம் இது.

சரித்திர நாயகன் கோவை கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் நாச்சிமுத்து, அதாவது நான். வயது ஐம்பது. பிரம்மச்சாரி. அவன் காயில் கட்டிய மோட்டார் ஒன்றை முதல்முறை ஓடவிட்டபோது நொய்யல் ஆறு ஒரு மைல் தூரம் மேற்கே திரும்பி ஓடியது. அப்பேர்ப்பட்ட ஆள்.

இன்று காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போது வெளியே இரண்டு கால்கள் நின்றன. முழுதும் தூக்கினேன். மிருதுளா.

என் அக்கா ருக்குமணியின் ஒரே மகள். ஐப்பசியில் அக்கா போய், கருமாதி முடிந்த மத்தியானத்திலிருந்து இவள் என்னோடு பேசுவதில்லை. ரோட்டில் என்னைக் கண்டால் அக்கட்டப் பக்கம் போய்விடுவாள். காரணம் ராணுவ ரகசியம் ஒன்றுமில்லை. அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்திவிட்டு, "இந்தக் கலரு புடிக்கலீன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவா, பாருங்க" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அப்புறம் என்ன, வந்த ஒறம்பரைச் சனத்தை எல்லாம் கருமாதி வரைக்கும் சிரிக்க வைத்தே அனுப்பினேன். எனக்கு அழுகை வரவில்லை. வராததைக் கம்ப்ரஸர் வைத்தா இழுக்க முடியும். கருமாதிப் பந்தியில் இலை எடுக்கும்போது மிருதுளா சொன்னாள்: "எங்கம்மாவுக்கு நீங்க ஒரு சொட்டுக்கூட அழுவல மாமா." அதுதான் கடைசிப் பேச்சு.

இன்று அவளாக ஆரம்பித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலையிருக்குதுங்களா?"

"டெல்லியில கூப்புட்டிருக்காங்க அம்முணி, குடியரசு தின அணிவகுப்புல முன்னாடி நடக்கறதுக்கு. வர முடியாதுன்னு சொல்லிப்போடறேன். என்ன விசயம்?"

சிரிக்கவில்லை. மூக்கின் இரண்டு துவாரங்களுக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினாள். "இங்க குத்தப் போறேன். செப்டம்."

"புல்லாக்கா?"

"அதேதான், இப்ப வளையம். அம்மாகிட்டக் கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் போலாம்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாகிட்டக் கேட்டா, உன்ற மாமன் மடியிலதான் காது குத்துனோம், மூக்குக்கும் அவன் வந்து உக்காந்தாக் குத்திக்கோங்கறாரு. நாம பேசிக்கறதில்லைன்னு தெரிஞ்சுதான் அப்பிடிச் சொல்றாரு."

"உங்கப்பன் பலே ஆளு."

"வர்றீங்களா இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

வருகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டாள். இந்தப் பிள்ளை மறுபடியும் பழையபடி 'மாமோய்' என்று கூப்பிடுமானால், மூக்கென்ன, மருதமலையையே குடைந்து வளையம் மாட்டிக் கொடுப்பேன்.

மத்தியானம் பேக்கரியில் தேங்காய் பன்.

ஜனவரி 21, செவ்வாய்

கிரைண்டர் மோட்டார் ஒன்று. காயில் கருகியிருந்தது. பிரித்தேன், கட்டினேன். பன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஊரெல்லாம் கொடியேற்றினார்கள். எனக்காகத்தான் என்று பின்னால்தான் புரிந்தது.

குத்துகிற கடை காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்தது. நான் முறைப்படி போயிருந்தேன். தாய்மாமன் சீர்த் தட்டு: தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, அச்சுவெல்லம், மிருதுளாவுக்கு ஒரு சுடிதார் துணி. மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"மாமா, அதைப் பையில போடுங்க."

"காதுகுத்துக்குத் தட்டு இல்லாம வந்த தாய்மாமனை இந்தக் கொங்கு நாட்டுல பார்த்திருக்கியா?"

உள்ளே இருந்தவள் பெயர் ஷெரின். இரண்டு கையிலும் தோள் வரைக்கும் பாம்பும் பூவும் பச்சை குத்தியிருந்தாள். அவளிடம் மரியாதையாகக் கேட்டேன்: "நான் எங்கீங்க உக்காரோணும்?"

"நீங்க எதுக்கு சார் உக்காரணும்?"

"மடி வேணுமல்லங்க."

அந்தப் பெண் என்னையும், சாய்வு நாற்காலியையும், தட்டையும் வரிசையாகப் பார்த்தாள். "சார், இதுல ஒருத்தர்தான் படுக்க முடியும். நீங்க வேணா கால் பக்கமா நில்லுங்க. வெல்லம் மட்டும் குடுத்துட்டுப் போங்க, எனக்குப் பிடிக்கும்."

மிருதுளா படுத்தாள். மூக்கில் மருந்து தடவி, பேனாவால் புள்ளி வைத்து, கையுறை மாட்டி ஊசியை எடுத்தாள் ஷெரின். அது ஊசியா? சூலூரில் ஆயிரம் அடி போர்வெல் போட்ட குழாயை அப்படியே உருவி எடுத்து வந்தது போல இருந்தது. மிருதுளா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நிமிசம் அக்கா. ஒரே நிமிசம்."

என் வாய் சும்மா இருக்குமா. "அட, எறும்புக்கடி அம்முணி. நானெல்லாம் நானூத்தி நாப்பது வோல்ட்டைக் கையில வாங்கீட்டு, நேரா டீ குடிக்கப் போனவன்."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"அப்ப நீங்க குத்திக்கோங்க."

"நானா?"

"உங்களுக்கென்னுங்க. உங்களுக்குத்தான் எதுவுமே வலிக்காதே."

ஷெரின் ஊசியை மருந்துத் தட்டில் வைத்தாள். "வீட்டு விசயம்னா வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. எனக்கு அடுத்த ஆள் இருக்காங்க."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். எதற்கு என்று சரித்திர ஆசிரியர்கள் பின்னாளில் ஆராயட்டும்.

"சார், வெளையாட்டு இல்லையே? சுகர், பி.பி. எதாச்சும்?"

"இரும்புங்க நானு."

"மூக்குத்தண்டுல குத்துனா கண்ணுல தண்ணி வரும். பயப்படாதீங்க. அழுகை இல்ல அது, நரம்பு. எல்லாருக்கும் வரும்."

குத்தினாள். அந்த நேரத்தில் கிராஸ்கட் ரோட்டில் சிக்னல் விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. உக்கடம் குளத்து மீன்கள் கரையேறி நின்று வேடிக்கை பார்த்தன. ஊட்டி ரயில் பாதி மலையில் நின்று ஊதியது. லாடம் போல வளைந்த ஒரு கம்பி, இரண்டு முனையிலும் குண்டுமணி, என் மூக்கில் தொங்கியது.

வலிக்கவில்லை.

ஷெரின் விளக்கை இழுத்து என் கண்ணுக்கு நேரே திருப்பினாள். "தண்ணியே வரல!" என்றாள். ஏதோ மோட்டார் சுவிட்ச் போட்டும் ஓடாதது மாதிரி ஓர் ஏமாற்றம் அவளுக்கு. மிருதுளாவும் குனிந்து பார்த்தாள். மூக்கைப் பார்க்கவில்லை.

அப்புறம் அவள் படுத்தாள். நான் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தண்ணீர் வந்தது. குத்தி, வளையம் போட்டு, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று ஷெரின் சொன்ன பிறகும் வந்துகொண்டே இருந்தது. "இது அதுக்கில்லக்கா" என்றாள் மிருதுளா. ஷெரின் டிஷ்யூ பெட்டியை அவள் வயிற்றின் மேல் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எனக்கு வாயில் ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை. என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை.

பராமரிப்பு விதிகளை ஷெரின் இருவருக்கும் சேர்த்தே சொன்னாள். காலையும் சாயந்திரமும் சலைன் தண்ணீர் அடிக்க வேண்டும். கையால் தொடக் கூடாது. திருகக் கூடாது. ஆறுகிற வரைக்கும் கழற்றவே கூடாது. "முக்கியமா சார், மஞ்சள், எண்ணெய், வேப்பிலை, விபூதி எதுவும் கூடாது. உங்களைப் பார்த்தா போடற ஆள் மாதிரி இருக்கீங்க."

கீழே ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மிருதுளா, "தேங்ஸ் மாமா" என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 27, திங்கள்

தும்மினேன். சூலூர் விமானப்படைத் தளத்தில் எல்லா விமானங்களையும் தரையிறக்கிவிட்டார்கள்.

முதல் வாடிக்கையாளர் மோட்டாரைத் தரையில் வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே நின்றார். "நாச்சிண்ணா, இதென்னுங்க, மூக்கணாங்கயிறு கட்றதுக்கா?"

"ஆமாங்க. ஜல்லிக்கட்டுல என்னைய எறக்கறாங்களாமா. காளைக பயந்துக்குமேன்னுதான் யோசிக்கறேன்."

சிரித்தார். மோட்டாரை வைத்துவிட்டுப் போனார். நான் கையைக் கழுவி, இரண்டு துவாரத்திலும் உப்புத் தண்ணீர் அடித்தேன். தொண்டையில் இறங்கியது. பன் உப்பாக இருந்தது.

ஜனவரி 29, புதன்

மச்சான் தண்டபாணி கடைக்கு வந்தார். அக்கா வீட்டுக்காரர். அவருக்கு அழுகை என்பது குழாயைத் திறப்பது மாதிரி. கடைக்குள் நுழைந்து, என் மூக்கைப் பார்த்து, ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, நீ பேசி நிறுத்துவீன்னு பார்த்தா, நீயும் குத்தீட்டு வந்து நிக்கறயே! ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"குடும்பத்துக்கே லாடம் அடிச்சிருக்காங்கம்பாங்க. நீங்களும் வாங்க மச்சான், மூணு பேருமா வண்டியில பூட்டிக்கலாம்."

அழுகையோடு சேர்த்துச் சிரித்தார். அது பார்க்கச் சகிக்காது. துடைத்துவிட்டுக் கேட்டார்: "அவ உன்கூடப் பேசறாளா?"

"தேங்ஸ்ன்னா."

"எங்கிட்ட அதுவுமில்ல. கதவச் சாத்தீட்டு உள்ளயே இருக்கறா. நா அழுவறதப் பாத்தாலும் எந்திரிச்சுப் போயிர்றா. நீ அழுவலீன்னு உம்மேல கோவம், நா அழுவறேன்னு எம்மேல கோவம். நா எங்க போவட்டும்?" துண்டை மடித்தார். "ஞாயித்துக்கெழம வீட்டுக்குச் சாப்புட வா. அக்கா இருந்தப்ப வாராவாரம் வருவே."

"வர்றேன்" என்றேன்.

போக முடியாது. அந்த வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. சாத்தினால் சாத்தினதுதான். ஒருமுறை அங்கே நின்ற மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கேட் சாத்தியிருந்தது. பேக்கரி.

சலைன் தீர்ந்துவிட்டது. கல் உப்பை நானே கரைத்தேன். மேட்டூர் அணை நிறையத் தண்ணீர், ராமேஸ்வரம் நிறைய உப்பு. மூக்குக்குள் விட்டபோது கண் முன்னால் ஒரு கப்பல் போனது. கண்ணில் மட்டும் எதுவும் இல்லை. வலிக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

காலை உப்பு. சாயந்திரம் உப்பு. வேலை எதுவும் வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

வளையத்தைச் சுற்றிலும் மஞ்சளாகப் பொருக்குக் கட்டுகிறது. அது இயற்கை, தானாக விழும், நோண்டாதீர்கள் என்பது ஷெரினின் வாக்கு. அவளுக்கென்ன, சின்னப் பெண். எங்கள் குடும்பத்தில் காது குத்தினாலும் மூக்கு குத்தினாலும் புண் ஆறுவதற்கு வேப்பங்குச்சிதான் சொருகுவார்கள். அக்காவுக்கு மூக்கு குத்தியபோது ஆள்காட்டி விரல் நீளத்துக்குக் குச்சி தேடி ஒடித்து வந்தவன் நான்தான். ஒரு வாரத்தில் ஆறிப்போனது அவளுக்கு.

குண்டுமணியைத் திருகிக் கழற்றினேன். லாடத்தை உருவினேன். தண்ணீர்ப் பைப் பக்கத்து வேம்பில் ஒடித்த குச்சியைச் சீவி, தேங்காயெண்ணெயில் நனைத்து, மஞ்சள்தூளில் புரட்டி, அந்தத் துளையில் குறுக்கே சொருகினேன். மீசைக்கு மேலே இன்னொரு மீசை.

ஷெரின் சொன்னது மறந்துபோகவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மூக்கு வீங்கிக் கத்தரிக்காய் ஆகிவிட்டது. நிறத்திலும்தான். கண்ணாடியில் பார்த்தபோது கண்ணாடி இரண்டடி பின்னால் போய்விட்டது.

மருதமலைக்கு நடக்கிறவர்கள் காலையிலிருந்து கடை வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காவியுடுத்திய ஓர் அம்மா தண்ணீர் கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அலகுங்களா சாமீ?"

மூக்கில் குறுக்கே குச்சி, சுற்றிலும் மஞ்சள். கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவே நானும் ஒரு பக்தனாகத்தான் தெரிந்திருப்பேன். இல்லையென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் குனிந்து காலைத் தொட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒருத்தர் போனில் படம் எடுத்தார். ஓர் ஆள் காயில் கட்டும் மேஜை மேல் ஒரு வாழைப்பழத்தை வைத்து விழுந்து கும்பிட்டார். சாயந்திரத்துக்குள் என் கடைக்குக் கும்பாபிஷேகம் நடந்து, கிழக்கே ராஜகோபுரமும் எழும்பி, செருப்பு வைக்கத் தனிக் கடையும் வந்துவிட்டது என்றே எழுதலாம்.

அந்த அம்மா விபூதிக்குக் கை நீட்டினார். என்னிடம் இருந்தது மஞ்சள்தூள். கொடுத்தேன். நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"வேண்டுதல் என்னங்க சாமீ?"

எனக்கு எதற்குமே ஒரு பதில் இருக்கும். முதலமைச்சர் வந்து கேட்டாலும் இருக்கும். அந்த அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. மஞ்சள் டப்பாவை மூடி வைத்தேன்.

அவர்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "என்னமோ கருகற வாசம் வருதுங்களே."

திரும்பிப் பார்த்தால் சோதனைக்கு ஓடவிட்டிருந்த மோட்டாரிலிருந்து புகை கடை முழுக்க நிறைந்திருந்தது. நான் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

சுவிட்சை அணைத்தேன். அந்த அம்மா தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். புதிதாகக் கட்டிய காயில் அது. மறுபடி பிரிக்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

கடைக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் பிரேக் போட்ட சத்தத்தில் கணபதி ஏரியாவில் பாதிப் பேருக்குக் காது அடைத்துவிட்டது.

"மாமா! அறிவு இருக்குதா இல்லீங்களா உங்களுக்கு?"

மிருதுளா. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான்தான். கும்பிட்டுக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு நடுவே கத்தரிக்காய் மூக்கு, குச்சி. கீழே யாரோ 'மோட்டார் சாமி, கணபதி' என்று போட்டிருந்தார்கள்.

"என்ற ஃப்ரெண்டோட ஸ்டேட்டஸ்ல வந்திருக்குது இது. எதுக்கு வளையத்தைக் கழட்டுனீங்க? அந்தக்கா அத்தன தடவ சொன்னாங்கல்ல? மூஞ்சியப் பாருங்க! இது உள்ள பரவுச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"இது நம்ம பாரம்பரிய—"

"வாய மூடுங்க. வண்டியில ஏறுங்க."

ஏறினேன். தலையில் ஹெல்மெட் இறங்கும்போது மூக்கில் பட்டது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று கையாட்டினேன்.

ஷெரின் குச்சியை உருவி, கொஞ்ச நேரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வேப்பங்குச்சி" என்றாள் தனக்குத்தானே. திட்டினாள். வெல்லம் கொடுத்த ஆள் என்பதால் கம்மியாகத் திட்டினாளாம். வளையத்தை மறுபடி ஏற்றி, பக்கத்து டாக்டரிடம் அனுப்பினாள். மாத்திரை, களிம்பு. வீக்கம் வடியவில்லை என்றால் வளையத்தை எடுத்துத் துளையை மூடவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

திரும்பும்போது சிக்னலில் மிருதுளா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "இனிமே நானே வந்து சுத்தம் பண்ணி உடறேன். நீங்க அதத் தொடவே கூடாது."

"உனக்கெதுக்கு சிரமம் அம்முணி, நானே—"

"அம்மாவும் கால்ல புண்ணுன்னு சொல்லாமயே இருந்தாங்க." பச்சை விழுந்தது. வண்டி கிளம்பியது.

பிப்ரவரி 13, வியாழன்

சாயந்திரம் வந்தாள். கையைக் கழுவினாள். பஞ்சை நனைத்துப் பொருக்கு ஊறும் வரை வைத்திருந்து துடைத்தாள். அவள் மூக்கில் வளையம் அழகாக ஆறியிருக்கிறது. என்னுடையது கத்தரிக்காயிலிருந்து தக்காளிக்கு இறங்கியிருக்கிறது.

"அசையாதீங்க."

"நான் அசைஞ்சா பூமி அசைஞ்சுருமுன்னு—"

"அசையாதீங்கன்னேன்."

பிப்ரவரி 14, வெள்ளி

வந்தாள். துடைத்தாள். போனாள்.

பிப்ரவரி 15, சனி

வந்தாள். "மத்தியானத்துக்கு என்ன சாப்புட்டீங்க?" என்றாள். சங்கீதா ஓட்டலில் எனக்காக ஏழு வகைக் கூட்டு வைத்து, மேளம் அடித்து, இலை போட்டார்கள் என்றேன். மேஜையில் கிடந்த பன் கவரைப் பார்த்தாள். எடுத்துக் குப்பையில் போட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மிருதுளா வந்தாள். சுத்தம் செய்தாள். ஏதோ பேசினோம். எழுதுகிற மாதிரி ஒன்றுமில்லை.

எழுதுகிற மாதிரி உள்ளது இதுதான்: இன்று கடைக்குள் ஒரு கொசு வந்தது. சாதாரணக் கொசு இல்லை. ஆனைமலைக் காட்டிலிருந்து வழி தவறி வந்த, தும்பிக்கையுள்ள கொசு. என் மூக்கு வளையத்தில் வந்து உட்கார்ந்து ஊஞ்சல் ஆடியது. அதோடு நான் ஆங்கிலத்தில் பேசினேன், அது தெலுங்கில் பதில் சொன்னது. கடைசியில் சமாதானமாகப் போய், ஒரு ஹெச்.பி. மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் பறந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீக்கம் வடிகிறது. மோட்டார் இரண்டு வந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கேட் திறந்திருந்தது. அக்கா வீட்டில் சாப்பிட்டேன். மச்சான் ரசம் வைத்தார். புளி தூக்கல். மூவரும் குடித்தோம். அக்கா நிற்கும் சமையற்கட்டுப் பக்கம் பார்த்தபடி நான் உட்காரவில்லை. மிருதுளா எனக்கு முந்தியே அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னை எதிர்ப்பக்கம் போகச் சொல்லிவிட்டாள். மச்சான் இலை எடுக்கும்போது அழுதார். அவள் எழுந்து போகவில்லை. டம்ளரைத் தள்ளி அவர் பக்கம் வைத்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "மாமோய், சாயந்திரம் மூஞ்சியக் கழுவி வைங்க. வர்றேன்."

மார்ச் 23, ஞாயிறு

ஷெரின் பார்த்துவிட்டு, துளை ஆறிவிட்டது என்றாள். மிருதுளா வெள்ளியில் ஒரு புல்லாக்கு மாட்டிக்கொண்டாள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள் ஷெரின். லாடமே இருக்கட்டும் என்றேன்.

இனி இந்தச் சரித்திரத்தை முடித்துவிடலாம். முடிப்பதற்கு முன்னால், இதைப் படிக்க நேரும் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நொய்யல் திரும்பி ஓடவில்லை. என் தும்மலுக்கு விமானங்கள் இறங்கவில்லை. எனக்கு ராஜகோபுரம் கட்டவில்லை. ரயில்வே கேட், வருகிற ரயிலுக்கு மட்டும்தான் சாத்துகிறார்கள், ஐந்து நிமிஷத்தில் திறந்தும் விடுகிறார்கள். வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று எழுதியதையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொசு வரவே இல்லை.

கொசு வராத அந்த ஞாயிற்றுக்கிழமை மிருதுளா பஞ்சை நனைத்து என் மூக்கில் வைத்துப் பிடித்திருந்தாள். தினமும் கேட்பது மாதிரியே, வேறு எதையோ நினைத்தபடி, "வலிக்குதுங்களா?" என்றாள். நானூற்று நாற்பது வோல்ட் என் நாக்கில் தயாராக இருந்தது.

"வலிக்குது அம்முணி" என்றேன்.

அவள் கை நின்றது. "எங்க மாமா?"

மூக்கைக் காட்டலாம் என்று கையைத் தூக்கினேன். அங்கே வரை போகவில்லை. பாதியில் நெஞ்சுக்கு நேரே நின்றது. அங்கேயும் காட்ட எதுவும் தெரியவில்லை. இறக்கிவிட்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததா என்றால், வரவில்லை. அன்றும் வரவில்லை. அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, மோட்டார் வந்த மரப்பெட்டியின் மேல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோட்டில் பஸ் போகிறதையும் வருகிறதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய டைரியில் அந்த ஒன்றுதான் நிஜம். வலிக்குது என்று சொன்னேன்.